புதுப்பிப்பு: மாலம் போய்ப் பார்த்தாச்சு

யார்க்‌ஷயர் டேல்ஸில் (இங்கிலாந்து) உள்ள மாலம் கிராமத்தைச் சுற்றி ஒரே நாளில் என்னென்ன பார்க்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி ஜேனட்ஸ் ஃபாஸில் ஆரம்பித்தோம். சின்ன அருவிதான், ஆனால் வசந்தத்தில் காட்டுப்பூண்டு மணக்கும் அந்தப் பாதைக்காகவே போகலாம். கோர்டேல் ஸ்கார் என்ற செங்குத்தான பாறைப் பள்ளத்தாக்கை அண்ணாந்து பார்த்ததோடு சரி, மழையில் ஏறவில்லை.

மாலம் கோவ்தான் அசத்தல். சுமார் 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை. படியேறினால் மேலே பாளம் பாளமாக வெடித்த பாறைத்தளம். மழைநீர் அரித்த இடுக்குகளுக்குள் எட்டிப் பார்த்தால் பச்சைப் பசேலென்று பெரணிச் செடிகள், ஆட்டின் வாய்க்குத் தப்பி வளர்கின்றன! 2015 டிசம்பர் புயல்மழையில் இந்த விளிம்பிலிருந்து அருவியே கொட்டியிருக்கிறது. ஈரத்தில் வழுக்கும், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாலம் டார்ன் ஏரி பாக்கி. அங்கே பார்க்கிங் எப்படி?