ஸ்கைரிமில் எந்தப் பக்கம்? மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கோ

கோண்டாவில் மைனா:
எல்லாரும் கிளர்ச்சிக்கார ஸ்ரோம்குளோக்கோ, பேரரசுப் பக்கத்து இம்பீரியலோ எண்டு கொள்கை கதைக்கிறியள். 2011 இலை வந்த கேம், இன்னும் அந்தச் சண்டை ஓயேல்லை. எனக்கு அது வைற்ரன் நகரத்துச் சந்தையிலை ஒரு வயசுபோன மனுசியோடைதான் துவங்கினது. ஃபிராலியா கிறே-மேன், நகைக்கடை போட்டிருக்கிறவ. இம்பீரியல் பக்கம் நிக்கிற பற்றில்-போர்ன் குடும்பத்து ஆக்கள் ரெண்டு பேர் வந்து நிண்டு, உன்ரை மகன் செத்துப்போட்டான், ஒத்துக்கொள்ளு எண்டு நடுச்சந்தையிலை வைச்சுச் சொல்லுறாங்கள். அவ இல்லையெண்டு நிக்கிறா.

அண்டைக்கு எனக்குப் பின்னாலை கதிரையிலை அம்மம்மா இருந்தவ. எங்கட சின்ன மாமாவைப் பற்றி 2009 மேக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மம்மாவின்ரை அலுமாரியிலை ஒரு ஷொப்பிங் பை இருக்கு. அதுக்குள்ளை லமினேற் பண்ணின படமும், இவ்வளவு காலமும் குடுத்த மனுக்களின்ரை போட்டோக் கொப்பியும். ஓரமெல்லாம் மஞ்சளாப் போட்டுது. "உந்த மனுசி என்ன கேக்குது?" எண்டா. மகன் உயிரோடை இருக்கிறானாம், எங்கையெண்டு தெரியேல்லையாம் எண்டன். "தேடிக் குடு பிள்ளை" எண்டா. வேறை ஒண்டும் சொல்லேல்லை.

தேடினன். பற்றில்-போர்ன் வீட்டிலை பூட்டின அறையுக்குள்ளை அந்தக் கடிதம். இம்பீரியல் படைத்தலைவர் ஜெனரல் ரூலியஸ் கையெழுத்து வைச்சது. ஆளை நோர்த்வோச் கோட்டைக்குக் கொண்டுபோயாச்சு, எனக்கும் கவலைதான், ஆனா இதை இதோடை விடுறது எல்லாருக்கும் நல்லம் எண்டு எழுதியிருக்கு. பிடிச்சது தல்மோர் எண்ட எல்ஃப் அதிகாரம், சரி. ஆனா தெரிஞ்சுகொண்டு வாய்மூடி இருந்தது ஆர்? இம்பீரியல் தலைமையகம் இருக்கிற சொலிரியூடுக்குப் போய் அந்த ரூலியஸுக்கு முன்னாலை சத்தியம் பண்ண என்னாலை ஏலாது. உணர்ச்சியிலை பக்கம் எடுத்தனீ எண்டு இஞ்சை ஒருத்தர் முந்தி எழுதினவர். சந்தையிலை நிக்கிற அந்த மனுசிக்கு ஒரு பக்கம் என்ன செய்யுது எண்டதை வைச்சுத்தான் நான் அந்தப் பக்கத்தை அளப்பன்.

அவவின்ரை மகன் தோரால்டை விலங்கு உடைச்சு எடுத்தாப் பிறகு, வீட்டை வந்தா திரும்பப் பிடிப்பாங்கள் எண்டு அவன் ஸ்ரோம்குளோக்கிட்டைப் போறான். தாய்க்கு மட்டும் ஒரு வசனம் சொல்லி அனுப்புறான், குளிர்காத்து அடுத்த கோடைக்கான விதையைச் சுமக்குது எண்டு. அதைக் கேட்டாத்தான் அவ நம்புவாவாம். அம்மம்மா கேட்டது இதுதான்: "அப்ப வீட்டை வரமாட்டானோ?" என்ன சொல்லுறதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை.

வேலிக்கதியால்:
தங்கச்சி, நீர் எடுத்த பக்கம் சரி. ஆனா அதுக்கு வைற்ரன் வரைக்கும் போகத் தேவையில்லை. கேம் துவங்கிற ஹெல்கனிலையே முடிவு தெரிஞ்சுபோச்சு. எங்களைக் கைதியா வண்டிலாலை இறக்கிறாங்கள், இம்பீரியல் சிப்பாய் ஹட்வார் பட்டியலோடை நிக்கிறான். இவரின்ரை பேர் இதிலை இல்லையே, என்ன செய்யிறது எண்டு கப்ரினைக் கேக்கிறான். அவள் சொல்லுறாள், பட்டியலை விடு, வெட்டுக்கட்டைக்கு அனுப்பு எண்டு. அவ்வளவுதான் விசாரணை. ஹட்வார் நல்லவன், உம்மடை உடலை ஊருக்கு அனுப்பிவைப்பம் எண்டு மன்னிப்புக் கேட்டுத்தான் சொல்லுறான்!

சுத்திவளைப்பிலை ஆளைக் காட்டிக்குடுக்கிற தலையாட்டிக்கு முன்னாலை வரிசையிலை நிண்ட கதையை அப்பா சொல்லக் கேட்டு வளந்தவன் நான். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு எந்தப் பேரரசு தத்துவமும் எனக்குள்ளை இறங்காது. கேம் கணக்கிலை 4 ஆம் யுகம் 175 இலை தல்மோரோடை வைற்-கோல்ட் ஒப்பந்தம் போட்டு, ராலோஸ் தெய்வத்தைக் கும்பிடக்கூடாது எண்டு எழுதிக் குடுத்ததும் அதே பேரரசுதான். கும்பிடுறவனை வீடுவீடாத் தேட தல்மோரை உள்ளுக்கை விட்டதும் அதுதான். எங்கடை கோயிலைப் பூட்டு எண்டு ஒருத்தன் வேறை நாட்டிலை இருந்து சொல்ல, ஓமெண்டு கையெழுத்து வைக்கிறவன் எப்பிடி அரசன்?

அஞ்சுசந்தி:
கதியால் அண்ணை, ஹெல்கன் பற்றிச் சொன்னதை மறுக்கேல்லை. ஆனா நீங்கள் ஸ்ரோம்குளோக்கிலை சேரப் போகேக்கை வின்ட்ஹெல்ம் வாசலாலைதானே போயிருப்பியள். உள்ளுக்கை கால் வைச்ச உடனை, ஸ்கைரிமின்ரை சொந்த இனமான நோர்ட் குடிகாரர் ரெண்டு பேர் ஒரு கறுப்பு எல்ஃப் பொம்பிளையை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். சுவாரிஸ் அதிறொன். நீ இம்பீரியல் உளவாளி, ராத்திரிக்கு வந்து பாக்கிறம் எண்டு வெருட்டுறாங்கள். அவங்கள் போனாப் பிறகு கிட்டப் போனன். அவ என்னட்டைக் கேட்டது: நீயும் எங்களை வெறுக்கிற ஆளோ, எங்களைப் போகச்சொல்லத்தான் வந்தனியோ?

விளையாட்டை நிப்பாட்டிப்போட்டு எழும்பீற்றன். 1990 ஒக்டோபரிலை எங்கட உம்மாக்கள் வீட்டைவிட்டு வெளிக்கிடச் சொல்லி ரெண்டு மணித்தியாலம் குடுபட்ட ஆக்கள். நான் புத்தளத்திலை பிறந்தனான். கன வருசத்துக்குப் பிறகு இஞ்சை திரும்பி வந்தனாங்கள். வந்த புதுசிலை கடைத்தெருவிலை ஆரையும் நிமிந்து பாக்கேக்கை எனக்குள்ளை இருந்த கேள்வியும் இதுதான்.

ஸ்ரோம்குளோக் தலைவன் உல்ஃப்ரிக்கின்ரை மாளிகையிலை இருந்து, கறுப்பு எல்ஃப் ஆக்கள் இருக்கிற கிறே குவாற்றர் நடந்துபோற தூரம். ஆர்கோனியன் எண்ட பல்லி இன ஆக்களை நகரத்துக்குள்ளையே விடுறேல்லை, துறைமுகத்திலைதான் சீவியம். நோர்டுக்குக் குடுக்கிற கூலியிலை ஒரு சின்னப் பங்குதான் அவங்களுக்கு. மைனா, உங்கடை அளவுகோல் எனக்குப் பிடிச்சிருக்கு, முழுசா ஒத்துக்கொள்ளுறன். அதை வைச்சுச் சுவாரிஸையும் ஒருக்கா அளந்து பாருங்கோ.

மந்திகை:
நான் உயர் ஹ்றொத்கார் மலை மடத்திலை ரெண்டு பக்கத்துக்கும் நடக்கிற சமாதானப் பேச்சைச் சொல்லுறன். தல்மோர் தூதுவர் எலென்வென் மேசைக்கு வந்த உடனை உல்ஃப்ரிக் எகிறிறான், இவளை ஆர் கூப்பிட்டது எண்டு. நான் அவளை வெளியாலை போகச் சொன்னன். அந்த அறையிலை எனக்கு நிம்மதி வந்த ஒரே நேரம் அதுதான்.

இப்ப புதுசா விளையாடுறவைக்கு. தயவுசெய்து எந்தப் படையிலையும் உடனை சேராதேங்கோ. முதல்லை தல்மோர் தூதரகத்துக்குள்ளை போற குவெஸ்டைச் செய்யுங்கோ. அங்கை எலென்வெனின்ரை பகுதியிலை ஒரு பெட்டியுக்குள்ளை உல்ஃப்ரிக்கைப் பற்றின கோப்பு இருக்கு. அவசரத்திலை கனபேர் அதை எடுக்காமலே ஓடுவினம். அதிலை என்ன கிடக்கெண்டா, முந்தி பேரரசும் தல்மோரும் அடிபட்ட போரிலை இவனைப் பிடிச்சு விசாரிச்சு, இவன் சொன்ன தகவலாலைதான் பேரரசின்ரை தலைநகர் விழுந்தது எண்டு இவனையே நம்பவைச்சிருக்கினம். உண்மையிலை அதுக்கு முதலே விழுந்திட்டுது. ஆர் வெண்டாலும் தங்களுக்கு நட்டம், சண்டை இழுபடவேணும் எண்டதுதான் தல்மோரின்ரை விருப்பம். இதை வாசிக்காமல் ஹெல்கனையும் வின்ட்ஹெல்மையும் வைச்சு அடிபடுறது அவங்களுக்குத்தான் வாய்ப்பு.

அடுத்தது, பெரிய கதையைக் கொண்டுபோகேக்கை உள்நாட்டுப் போரை முடிச்சுப்போடாதேங்கோ. முடிச்சா சமாதானப் பேச்சே வராது. பேச்சுக்கு முதல் கையாலை தனியா ஒரு சேவ் போடுங்கோ, ஓட்டோசேவை நம்பவேண்டாம். கரண்ட் எப்ப போகுமெண்டு சொல்லேலாத ஊர், யூபிஎஸ் இல்லாட்டி இன்னும் கவனம். பார்தூர்நாக்ஸ் எண்ட கிழட்டு டிராகனைக் கொல்லச் சொல்லி, டிராகன் வேட்டைக்காரர் பிளேட்ஸ் கேப்பினம். கொல்லத் தேவையில்லை. அந்தக் குவெஸ்ட் பட்டியலிலை அப்பிடியே கிடக்கட்டும், கேம் முடியும். பழசிலை கெட்டது செய்து, பிறகு மலையுச்சியிலை இருந்து தன்னைத்தானே கட்டுப்படுத்தி வாழுற ஒருத்தனை, கட்டளை எண்டதுக்காக வெட்டுறது எனக்குச் சரிப்படாது. இதையும் யோசிச்சு முடிவெடுங்கோ.

கசூரினா:
மந்திகை அண்ணை, உங்கடை சமாதான மேசையிலை ரீச் பகுதியின்ரை மார்கார்த் நகரத்தை ஆருக்குக் குடுத்தனீங்கள்? உல்ஃப்ரிக் கேப்பான், குடுத்தா தொங்வோர் சில்வர்-பிளட் தலைவனா வருவான். சிட்னா சுரங்கம் அந்தக் குடும்பத்தின்ரை.

அந்தச் சுரங்கத்துக்குள்ளை என்னைப் பொய்க்குற்றத்திலை போட்டவங்கள். உள்ளுக்கை பிரேக் எண்டு ஒருத்தன். ரீச்சின்ரை பழைய ஆக்களான ஃபோர்ஸ்வோர்னின்ரை தலைவன் மடனாக்கோடை ஒருக்காக் கதைச்சதுதான் அவன்ரை குற்றம். அவன்ரை சின்னப் பெட்டைப்பிள்ளை, அப்பாவை விடுங்கோ, என்னை எடுங்கோ எண்டு மண்டாடியிருக்கு. பிள்ளையை வெட்டுறதை அவனைப் பாக்கவைச்சு, பிறகு அவனையும் உள்ளுக்கை போட்டாங்கள். இருந்திருந்தா இந்த வருசம் அவளுக்கு 23 வயசு எண்டு அவன் சொல்லேக்கை குரலிலை கோபமே இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கேல்லை.

மடனாக்கைக் கொண்டா மன்னிப்பும் மோதிரமும் கிடைக்கும். நான் அவனோடை சேந்து வெளியிலை வந்தன். வாசல்லை தோனார் சில்வர்-பிளட் காவல்காரரோடை நிண்டான், அங்கையே சண்டை. அந்தக் காவல்காரருக்கும் பிள்ளையள் இருந்திருக்கும், தெரியும். ஆனா பிரேக்கை அதுக்குள்ளை விட்டுட்டு மோதிரத்தைப் போட்டுக்கொண்டு என்னாலை நடக்கேலாது. கதியால் அண்ணை, வேறை நாட்டான் வந்து சொல்லக்கூடாது எண்டு கதைச்சனீங்கள். ரீச் ஆருடைய நிலம்? ஃபோர்ஸ்வோர்னிட்டை இருந்து அதைப் பறிச்சவன் உங்கடை உல்ஃப்ரிக்தானே.

வேலிக்கதியால்:
ரீச் விசயத்திலை நீர் சொல்லுறது சரி, அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை. ஆனா அஞ்சுசந்தி, எல்லா ஸ்ரோம்குளோக்கும் அந்தக் குடிகாரர் இல்லை. முதல்லை தல்மோரை நாட்டைவிட்டுக் கலைப்பம், பிறகு உள்ளுக்கை கிடக்கிற அநியாயத்தைத் திருத்தலாம். ரெண்டையும் ஒரே நேரத்திலை செய்யேலாது.

அஞ்சுசந்தி:
அண்ணை, அந்தப் "பிறகு" எப்ப? ஸ்ரோம்குளோக் பக்கம் நிண்டு போரை முடிச்ச சேவ் உங்களிட்டை இருக்கும்தானே. அதைத் திறந்து கிறே குவாற்றருக்குப் போய்ப் பாருங்கோ, அப்பிடியேதான் கிடக்கு. இம்பீரியல் வெண்டா புரூன்வுல்ஃப் ஃபிறீ-வின்ரர் தலைவனா வாறார். அந்த ஊரிலை கறுப்பு எல்ஃபுக்காக வாய் திறந்த நோர்ட் அவர்தான். ரூலியஸ் எழுதின கடிதத்தையும் மறக்காமல், இதையும் கணக்கிலை எடுத்துக் கதைப்பம்.