மேலூர் பக்கம் பாம்பு பிடிப்பவர் யாராவது தெரியுமா?

வணக்கம் உறவுகளே. அழகர்மலைக்கும் மேலூருக்கும் நடுவில் எங்க ஊர். மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய வைக்கோல் படப்பில் கண்ணாடி விரியன் ஒன்று தங்கிவிட்டது. அது சீறுவது குக்கர் விசில் மாதிரி திண்ணை வரைக்கும் கேட்கிறது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். அவர்கள் வருவதற்குள் படப்புக்குள் போய்விடுகிறது.

சித்தப்பா கம்போடு நிற்கிறார். எனக்கு அடிக்க மனசில்லை. எலியைத் தேடித்தானே வந்திருக்கும்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பை அடிப்பது குற்றமும்கூட. அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் எத்தனை பேர்! ஆனால் அம்மா விடியுமுன்னே இருட்டில் வைக்கோல் உருவப் போகிறார், வீட்டார் பயமும் நியாயம்தான். கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். ஒரே ஈற்றில் 20, 30 கூட வரும்.

வனத்துறை அனுமதியோடு பிடிப்பவர் யாராவது இருந்தால் உள்பெட்டியில் எண் அனுப்புங்க. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். மதுரை பெரியாஸ்பத்திரி வரை போகாமல், ராத்திரியிலும் அது கிடைக்கிற பக்கத்து ஆஸ்பத்திரி எது என்றும் சொல்லுங்க. மந்திரிக்கிறவர், பச்சிலை கொடுப்பவர் விவரம் தயவுசெய்து வேண்டாம்.