கேட்டது ஒன்று, தேவைப்பட்டது வேறு: பயனர் கோரிக்கைகளோடு எங்கள் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு – வீட்டுத்தோட்டத் தளத்தின் நிர்வாகி

வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள் நாட்டு விதைகளைப் பகிர்ந்துகொள்ளவும் பூச்சித் தொல்லைக்கு வழி கேட்டுக்கொள்ளவும் வந்துபோகும் ஒரு சிறிய தமிழ்த் தளத்தை நாங்கள் மூவர் ஊதியமின்றி நடத்திவருகிறோம். நிரல் எழுதுபவர் ஒருவர், பதிவுகளைச் சீர்படுத்துபவர் ஒருவர். 'கருத்துகளும் கோரிக்கைகளும்' என்ற பெட்டியில் வந்து விழுவதையெல்லாம் வாசித்துப் பதில் எழுதுவது என் பங்கு. இதே வேலையைச் செய்பவர்கள் இங்கே பலர் இருப்பதால், எனக்கு நேர்ந்த இரண்டைச் சொல்லித் தொடங்குகிறேன். மற்றவர்களும் தங்களுடையதைப் பகிருமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, குறிச்சொல் கேட்ட கதை. தளம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், ஒவ்வொரு பதிவுக்கும் அது எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொல் சேர்க்கும் வசதி வேண்டும் என்று ஒரே மாதத்தில் ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். எல்லாரும் நாள்தோறும் வரும் பழைய உறுப்பினர்கள் என்பதால் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டோம். நிரலாளர் மூன்று வார விடுமுறைகளைச் செலவிட்டுச் செய்து முடித்தார். அடுத்த மாதம் பார்த்தால், 'கத்தரி', 'கத்திரி', 'கத்தரிக்காய்', 'கத்திரிக்காய்', 'கத்தரிச்செடி' என ஒரே செடிக்கு ஐந்து குறிச்சொற்கள் முளைத்திருந்தன. வசதி வேண்டும் என்று கேட்டவர்களே தங்கள் பதிவுகளில் அதைப் பயன்படுத்தவில்லை.

அவர்களில் ஓர் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது எளிதாக இருக்கிறதா என்று விசாரித்தேன். "எங்கே தம்பி, அந்தக் கம்பளிப்புழுப் பதிவு இன்னும் கிடைக்கவில்லையே" என்றார். எப்படித் தேடினீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. அவர் தேடுபெட்டியில் இட்டது 'முருங்கை மரம் கம்பளிப்புழு'. பதிவில் இருந்ததோ 'முருங்கை மரத்தில் கம்பளிப்புழுக்கள்'. எங்கள் தேடல், முழுச் சொல்லும் அப்படியே பொருந்தினால்தான் பதிவை எடுத்துத் தரும். அதற்கு 'மரம்' வேறு, 'மரத்தில்' வேறு, 'புழு' வேறு, 'புழுக்கள்' வேறு. தேடிக் கிடைக்காமல் சலித்துப்போனவர்கள், வேறெங்கோ பார்த்த குறிச்சொல்லை மருந்தாக நினைத்துக் கேட்டிருக்கிறார்கள். நாங்களும் நோய் என்னவென்று கேட்காமல் மருந்தை மட்டும் கொடுத்திருக்கிறோம். பிறகு, பள்ளியில் மனப்பாடம் செய்த வேற்றுமை உருபுகளையும் பன்மை விகுதியையும் பட்டியலிட்டு, சொல்லின் ஈற்றிலிருந்து அவற்றைக் கழித்துவிட்டு ஒப்பிடும்படி தேடலை மாற்றினோம். அது முழுமையானதன்று, சில நேரம் தொடர்பில்லாத பதிவுகளும் வந்து நிற்கும். ஆனால் அதன்பின் குறிச்சொல்லைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சியில் தவறு முழுக்க என்னுடையது. பெரியவர் ஒருவர், தம் பதிவின் தலைப்பு இறுதியில் உடைந்துபோவதாகவும், தலைப்புக்கு இன்னும் இடம் ஒதுக்குமாறும் எழுதினார். அவர் கொஞ்சம் நீட்டி எழுதுபவர். சுருக்கமாகத் தலைப்பிடுங்கள் ஐயா என்று இருமுறை பதில் போட்டேன். மூன்றாம் முறை அவர் ஒரு தாளில், தலைப்பு எப்படித் தெரிகிறது என்பதைப் பேனாவால் எழுதி, கடைசி எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியை வரைந்து, படமெடுத்து அனுப்பியிருந்தார். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்த மாத்திரத்தில் நிரலாளர் தலையில் அடித்துக்கொண்டார். தலைப்புக்கு நாங்கள் ஒதுக்கியிருந்தது 255 பைட்டு (பைட்டு என்பது கணினிச் சேமிப்பின் சிறு அலகு). ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. யூனிகோடு தமிழை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு வேண்டும்; போதாக்குறைக்கு, நம் கண்ணுக்கு மூன்றெழுத்தான 'தமிழ்' என்பது கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, ஆகமொத்தம் 15 பைட்டு. இடையில் ஒரு பைட்டு மட்டுமே எடுக்கும் இடைவெளிகளும் வருவதால், 255ஆவது பைட்டில் கத்தி விழும்போது ஓர் எழுத்து நடுவில் அறுபடும். அவர் கேட்டபடி இடத்தை மட்டும் கூட்டியிருந்தால், உடைவது இன்னும் சற்றுத் தள்ளி உடைந்திருக்கும், அவ்வளவே. இடத்தையும் கூட்டி, எழுத்தின் எல்லை பார்த்து வெட்டும்படியும் செய்தோம். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதற்கு வந்த பதிலும் நீளமாகவே இருந்தது.

மறுமொழி – தேர்வுப் பயிற்சித் தளத்தின் நிரலாளர்

அரசுப் போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் வினாக்களைப் பகிர்ந்துகொள்ளும் தளம் எங்களுடையது. விளம்பரக் குப்பைகளைக் கொட்டும் போலிக் கணக்குகள் பெருகியதால், படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் கேப்சா சோதனையை எல்லாப் படிவங்களிலும் வைத்தேன். குப்பை நின்றது. குறைகூறி வரும் கடிதங்களும் கணிசமாகக் குறைந்தன. தளம் நன்றாக ஓடுகிறது என்று மகிழ்ந்தோம்.

ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தம் நண்பர் தளத்தில் சேர முடியாமல் தவிப்பதாகச் சொன்னார். நண்பர் பார்வையற்றவர், பள்ளி ஆசிரியர். எங்கள் ஊருக்கு அருகில்தான் வீடு என்பதால் நேரில் போனேன். அவருடைய மடிக்கணினியில், திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக்காட்டும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஈஸ்பீக் என்னும் செயற்கைக் குரல் தமிழை உலோகத் தகடு அதிர்வதுபோல், நான் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் நான்கு சொல் தாண்டும் வேகத்தில் வாசிக்க, அவர் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டே படிவத்தை நிரப்பினார். கேப்சா வந்ததும், அங்கே ஒரு படம் இருப்பதை மட்டும் சொல்லிவிட்டுக் குரல் நின்றுபோனது. "இதை எங்களுக்கு எழுதித் தெரிவித்திருக்கலாமே சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, எங்கள் கருத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதன் அடியிலும் அதே கேப்சா இருந்தது.

அதற்கு மாற்றாக, மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் ஒளித்துவைத்தேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடும் தானியங்கி நிரல் அதையும் நிரப்பிச் சிக்கிக்கொள்ளும் என்பது கணக்கு. முதல் சோதனையிலேயே சிக்கியவர் ஆசிரியர்தான். கட்டத்தைத் திரைக்கு வெளியே தள்ளி மறைத்திருந்தேன், திரைவாசிப்பானுக்கு அது தெரிந்தது, அவர் பொறுப்பாக நிரப்பிவிட்டார். பிறகு திரைவாசிப்பானும் தாண்டிப்போகும்படி குறித்துவைத்து, அப்படியும் தப்பித் தவறி எட்டுபவர்களுக்காக 'இதை நிரப்ப வேண்டாம்' என்ற குறிப்பையும் சேர்த்தேன். இப்போது எந்தப் படிவத்தை மாற்றினாலும் அவருக்குத்தான் முதலில் அனுப்புகிறேன்.

மறுமொழி – விக்கிப்பீடியாப் பங்களிப்பாளர்

நான் தளம் நடத்துபவன் அல்லன், கோரிக்கை வைக்கும் பக்கத்தில் நிற்பவன். தமிழ் விக்கிப்பீடியாவில் குறையோ வேண்டுகோளோ முதலில் வந்து சேர்வது 'ஆலமரத்தடி' என்னும் பொதுப் பக்கத்தில். மென்பொருளிலேயே மாற்றம் வேண்டுமென்றால், பக்சில்லா என்னும் பழைய குறைப்பதிவுத் தளத்துக்கு மாற்றாக 2014 நவம்பரில் வந்த ஃபேப்ரிகேட்டரில் அதை ஒரு பணியாகப் பதிய வேண்டும். "எழுத்து வரவில்லை" என்ற இரண்டு சொல்லை அங்கே கொண்டுபோனால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தக் கைபேசி, எந்த உலாவி, எந்த விசைப்பலகை, தமிழ்99 தட்டச்சு முறையா, ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பா, எதை அழுத்தியபோது என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதே என் வேலையாகிப்போனது. இதில் பாதிக் குறைகள் கேள்வி கேட்கும்போதே தீர்ந்துவிடும்.

நான் சொல்ல வந்தது வாக்கெடுப்பைப் பற்றி. எந்த வசதியை முதலில் செய்வது என்பதை முடிவுசெய்ய, விக்கிமீடியா அறக்கட்டளையின் குழு 2015இல் சமூக விருப்பப்பட்டியல் என்ற வாக்கெடுப்பைத் தொடங்கியது. நேர்மையான ஏற்பாடுதான், ஆனால் தலையெண்ணும் இடத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவின் கூட்டத்தோடு சிறிய திட்டங்கள் போட்டியிட முடியாது. 2020ஆம் ஆண்டுக்கான பட்டியலில் விக்கிப்பீடியாவை விலக்கிவிட்டு, விக்சனரி என்னும் அகரமுதலி, விக்கிமூலம் என்னும் நூலகம் போன்ற பிற திட்டங்களுக்கு மட்டும் வாய்ப்பளித்தார்கள். நூல்களை மின்னூலாக இறக்கிக்கொள்ளும் வசதியை மேம்படுத்துவதும், படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் புதிய எழுத்துணரிக் கருவியும் அப்போதுதான் முன்வரிசைக்கு வந்தன. பழைய தமிழ் நூல்களின் வருடல் படங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு எழுத்துணரியின் அருமை தெரியும். இத்தனை ஆண்டும் இந்தத் தேவை இருந்துகொண்டுதான் இருந்தது. எண்ணும் முறைதான் அதை மறைத்திருந்தது.

கேளாமலே கொடுக்கப்பட்ட வசதிகளும் உண்டு. 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் புகுபதிந்தவர்களுக்கெல்லாம், பக்கம் தெரியும் வடிவிலேயே திருத்த உதவும் காட்சித் தொகுப்பானை இயல்பாகத் தெரியும்படி வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்து, செப்டம்பரிலேயே வேண்டுபவர் தெரிவுசெய்துகொள்ளும் வசதியாக அது பின்வாங்கியது. இன்று புதியவர்கள் பலருக்கு அதுவே எளிது. கருவி கெட்டதன்று, பழைய உறுப்பினர்களின் வழக்கமான கட்டுரைகளில் அது எதை உடைக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வதற்கு முன்பே வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதுதான் பிழை என்பது என் எண்ணம்.

மறுமொழி – பழைய மாணவர் சங்கத் தளத்தைப் பார்த்துக்கொள்பவர்

வாக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கைக்கு எங்கள் தளத்தில் இரண்டே நாளில் 14 பேர் ஆதரவு தெரிவித்தார்கள். அதில் 9 பேர் ஒரே வீட்டு இணைய இணைப்பிலிருந்து வந்திருந்தார்கள். விசாரித்தால், எங்கள் மூத்த மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளையெல்லாம் உட்காரவைத்து, ஆளுக்கொரு கணக்குத் தொடங்கச் செய்திருக்கிறார். கணக்குகளை நீக்கிவிட்டோம். பொத்தானை வைத்துவிட்டோம்.

மறுமொழி – வீட்டுத்தோட்டத் தளத்தின் நிர்வாகி

அந்தத் தாத்தாவுக்கு என் வணக்கம். மறுத்த கோரிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விதை அனுப்ப முகவரி கேட்டுக்கொள்வதற்காக, உறுப்பினர்களுக்கிடையே தனிச்செய்தி வசதி வேண்டும் என்று ஒருவர் தொடர்ந்து கேட்டுவந்தார். எங்கள் உறுப்பினர்களில் பெண்கள் மிகுதி. பிற இடங்களில் முன்பின் தெரியாதவர்களின் செய்தித் தொல்லையால் வெளியேறி வந்ததாகச் சிலர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். செய்யக்கூடாது என்பதை முதல் வாரத்திலேயே முடிவுசெய்துவிட்டோம். ஆனால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூசி, 'பரிசீலனையில் உள்ளது' என்று நான்கு மாதம் ஓட்டினேன். உண்மையைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டது அந்த நான்கு மாதத்துக்காகத்தான். மறுப்பின் காரணத்தை ஒரே நொடியில் ஏற்றுக்கொண்டார். இருவரும் தனித்தனியே சம்மதித்தால் மட்டும் முகவரி ஒருவருக்கொருவர் தெரியும் ஏற்பாட்டைப் பின்னர் அவரே வரைந்து கொடுத்தார். இப்போது விதை உறைகள் அப்படித்தான் போய்வருகின்றன.

கேப்சா பற்றி எழுதியிருந்த நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் தளத்திலிருந்து வெளியேறி, உறுப்பினரல்லாதவராக எங்கள் கருத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் எப்போதும் புகுபதிந்தே இருப்பதால் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை: அடியில், சாய்ந்தும் வளைந்தும் ஆறு ஆங்கில எழுத்துகள் கொண்ட ஒரு படம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடுவதாக எங்கள் நிரலாளர் சொல்லியிருக்கிறார். மாற்றியபின் ஒருமுறை சோதித்துச் சொல்ல முடியுமா என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.