வல்லாரை மாத்திரை வாங்கும் முன்: எங்க வீட்டு அனுபவம்

காவிரிக்கரை:
மறதிக்கு எந்த வல்லாரை மாத்திரை நல்லதுன்னு கேட்டிருந்தீங்க. அதுக்கு முன்னாடி ரத்தத்துல பி12 வைட்டமின், தைராய்டு ரெண்டையும் பார்த்துடுங்க. அதுல குறை இருந்தாலும் மறதி வரும்.

அப்பா தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். ஊர் ஊரா பின்கோடு ஒப்பிப்பார். அவரே போன வருஷம் காலையில சிலிண்டருக்குப் பணம் கொடுத்துட்டு, சாயந்தரம் "கேஸ்காரன் இன்னும் வரலையா"ன்னு கேட்க ஆரம்பிச்சார். பாதம் வேற மதமதன்னு இருக்குன்னார். டாக்டர் எடுத்ததும் கேட்டது, "சுகருக்கு மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா போடுறீங்க? சைவமா?" பதிலைக் கேட்டதும் பி12 டெஸ்ட் எழுதிட்டார். ரொம்பக் கம்மி.

மெட்ஃபார்மின் வருஷக்கணக்குல போட்டா உடம்பு பி12 உறிஞ்சுறது குறையுமாம். சைவக்காரங்களுக்குப் பால், தயிர்தான் வழி. கீரையில அது கிடையாது, வல்லாரையும் கீரைதானே! ஊசி போட்டதுல கொஞ்சம் கொஞ்சமா பாதத்து மதமதப்பும் குறைஞ்சுது, மறதியும் குறைஞ்சுது. எல்லா மறதியும் இதனால வர்றதில்லை, அதையும் சொல்லிடறேன்.

அப்புறம் நடை. 2011ல அமெரிக்காவுல 120 பெரியவங்களை ரெண்டாப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. வாரம் மூணு நாள் 40 நிமிஷம் நடந்தவங்களுக்கு, ஞாபகத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ்ங்கற மூளைப் பகுதி ஒரு வருஷத்துல சுமார் 2% வளர்ந்துச்சு. கைகாலை நீட்டி மடக்கினவங்களுக்குச் சுருங்கிடுச்சு. அதைச் சொல்லித்தான் அப்பாவை ஸ்ரீரங்கம் உத்திர வீதியில இறக்கிவிட்டோம். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். காபிக் கடை வந்தா நின்னுடுவார். நின்ன நேரத்தையும் நடையிலயே சேர்த்துக் கணக்குச் சொல்வார், அதுல மட்டும் ஞாபகம் பிசகாது.

தயிர்சாதம்:
நாங்க பாதாம், வால்நட்னு வாங்கிக் குவிச்சோம். அந்த மாதிரி கொட்டைகளையும் சேர்த்து மூளைக்குன்னே வகுத்த மைண்ட் டயட்டை 604 பேரை வெச்சு மூணு வருஷம் சோதிச்சு 2023ல முடிவு சொன்னாங்க. வழக்கமான சாப்பாட்டையே அளவு குறைச்சுச் சாப்பிட்டவங்களோட ஒப்பிட்டா யோசனை, ஞாபகத்துல பெருசா வித்தியாசம் இல்லை. அம்மா விஷயத்துல டாக்டர் கை வெச்சது பி.பி.யிலதான். மேல் பிரஷரை 120க்குக் கீழ கொண்டுவந்தவங்களுக்கு லேசான மறதிக் கோளாறு வர்றது குறைஞ்சதா 2019ல ஒரு ஆய்வு வந்திருக்கு. (எல்லாருக்கும் அந்த அளவு சரிப்படாது, தலைசுத்தல் வரும். டாக்டர்தான் சொல்லணும்.) அம்மா அப்பளத்தை விட்டுட்டாங்க. வடுமாங்காய் பஞ்சாயத்து இன்னும் நடக்குது.

ஈரோட்டு மருமகள்:
காதை விட்டுட்டீங்களே! எங்க அத்தை சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்பாங்க. மறதின்னு கூட்டிட்டுப் போனா, பாதிக்கு மேல காதுலயே விழலைன்னு தெரிஞ்சுது. மறதிநோயைத் தள்ளிப்போட நாம கவனிக்கக்கூடிய 14 விஷயங்கள்னு 2024ல லான்செட் மருத்துவ இதழ் போட்ட பட்டியல்ல காது கேளாமையும் இருக்கு. மெஷின் வாங்குறதா இருந்தா கொஞ்ச நாள் வீட்டுல போட்டுப் பார்க்கத் தருவாங்களான்னு கேளுங்க. அத்தைக்கு முதல் மெஷின்ல மிக்ஸி சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.