"லீவு எவ்வளவு நாள்?": வளைகுடாவிலிருந்து ஊருக்கே திரும்பி வந்தவர்களின் அனுபவம்

தென்காசிக்காரன்:
ஷார்ஜாவில் விசாவை கேன்சல் செய்துவிட்டுக் குடும்பத்தோடு வந்தாயிற்று. பார்த்தவரெல்லாம் "லீவு எவ்வளவு நாள்?" என்றார்கள். "இனிமே இங்கதான்" என்றால் அடுத்த கேள்வி வராது. வேலை போய்விட்டது என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்வார்கள். அதுகூடப் பரவாயில்லை. செட்டில்மென்ட் பணம் லட்சலட்சமாக வந்திருக்கும் என்ற பேச்சுக்குத்தான் பதில் சொல்லி மாளவில்லை. அமீரகத்தில் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, பேசிக் (அடிப்படைச்) சம்பளத்தை வைத்துத்தான். முதல் 5 வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேல் 30 நாள். அலவன்ஸ் சேராது. நம் ஆட்கள் பலருக்கு கான்ட்ராக்டில் பேசிக் குறைவு, அலவன்ஸ்தான் அதிகம். இதை யாரிடம் விளக்குவது?

வங்கியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்இ கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றப் போனேன். மேனேஜர் உட்காரவைத்து, டீ வரவழைத்து, "எதுக்கு சார் மாத்துறீங்க? வட்டிக்கு டாக்ஸ் இல்ல, அப்படியே ஓடட்டும்" என்றார். அவர் கவலை டெபாசிட் டார்கெட். நிரந்தரமாகத் தங்க வந்துவிட்டால் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி நாம் உள்ளூர்வாசி. என்ஆர்இ வட்டிக்கான வரிவிலக்கும் அதோடு போச்சு. வெளிநாட்டு நாணயத்திலேயே போட்டுவைக்கும் எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டை மட்டும் முதிர்வு வரை விட்டுவைக்கலாம். ஆடிட்டர் முன்பே சொல்லியிருந்ததால் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். டீ என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

மஸ்கட் அக்கா:
தம்பி, உங்களுக்காவது டீ கிடைத்தது. நான் மஸ்கட்டில் நர்ஸாக இருந்தேன். நாகர்கோவில் வந்து ஓர் இன்டர்வியூவுக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே, "அங்க வாங்கின சம்பளத்த இங்க எதிர்பாக்காதீங்க" என்றார்கள். சரி என்றேன். நைட் டியூட்டியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட் என்று கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் நர்ஸ்கள் நம் ஊர் நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். இரண்டு இடத்திலும் அதைக் கேட்டார்கள்.

காவிரிக்கரை:
பிள்ளைகள் படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? மகள் அபுதாபியில் ஏழாவது வரை படித்தாள், இரண்டாவது மொழி ஹிந்தி. கும்பகோணத்தில் மெட்ரிக் பள்ளியில் சேர்த்தோம். தமிழ்நாட்டில் 2006 தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பத்தாவது வரை தமிழ்ப் பாடம் கட்டாயம். வாய் ஓயாமல் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. டியூஷன் டீச்சர் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் ஒரே அழுகை. அப்புறம் அவள் தாத்தா பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் போர்டுகளைப் படிக்கவைத்தார். நீடாமங்கலம், மன்னார்குடி எல்லாம் வந்துவிட்டது. ஜெயங்கொண்டத்தில் இன்னும் தடுக்குகிறது. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளையோடு வருபவர்கள் பள்ளியில் இதைப் பேசிவிட்டு டிக்கெட் போடுங்கள்.