பிரிட்ஜ் ஏலத்தில் எதிராளி குறுக்கே வந்தால் ஜம்ப் பிட்டுக்கு (தேவைக்கு மேல் ஒரு லெவல் தாவிச் சொல்லும் பிட்) என்ன அர்த்தம் வைத்துக்கொள்வது?

மூன்றாம் கை:
நானும் என் பார்ட்னரும் டூ ஓவர் ஒன் என்ற ஏல முறையில் ஆடுகிறோம், ஐந்து கார்டு மேஜர் (ஹார்ட்டோ ஸ்பேடோ திறந்தால் அதில் ஐந்தாவது இருக்கும்). எதிராளிகள் வாயைத் திறக்காத வரை சிக்கல் இல்லை, ஒரு ஓவர்காலோ (நம் பிட்டுக்கு மேல் அவர்கள் சொல்லும் பிட்) டபுளோ வந்துவிட்டால் ஜம்ப் எல்லாம் அவரவர் இஷ்டம். நான் 1 ஹார்ட், எதிராளி 1 ஸ்பேட், பார்ட்னர் 3 கிளப். இதற்கு என் கணக்கில் நீளமான கிளப், பலவீனமான கை. அவரோ ஹார்ட் சப்போர்ட்டும் சேர்ந்து இருக்கிறது என்கிறார். அதே இடத்தில் 3 ஹார்ட் சொன்னால் அவருக்கு அது 10, 11 பாயிண்ட், எனக்கு வெறும் பிரீஎம்ப்ட் (எதிராளியை அடைக்க உயரத் தாவும் பலவீனமான பிட்). கன்வென்ஷன் கார்டு (நாங்கள் பேசி வைத்ததை எழுதும் அட்டை) நிரப்ப உட்கார்ந்தால் இந்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. ஒவ்வொரு ஏலத்துக்கும் தனியாக மனப்பாடம் செய்ய இரண்டு பேருக்குமே பொறுமை கிடையாது, பொதுவாக ஏதாவது விதி உண்டா?

பழைய டம்மி:
3 ஹார்ட்டில் உங்கள் பக்கம்தான் நான். எதிராளி ஒரு சூட் சொன்ன உடனே உங்களுக்கு ஒரு புது பிட் இலவசமாகக் கிடைக்கிறது, அதாவது அவர் சூட்டையே திருப்பிச் சொல்லும் கியூ பிட். பார்ட்னர் சூட்டை உயர்த்தும் நல்ல ரெய்ஸ் எல்லாம் (10 பாயிண்ட்டும் மேலும்) அதன் வழியாகப் போகட்டும், இங்கே 2 ஸ்பேட். அப்போது 3 ஹார்ட் தானாகவே நாலு டிரம்ப் உள்ள பலவீனமான கைக்கு மிஞ்சுகிறது. இரண்டு பேரிடமும் சேர்ந்து ஒன்பது டிரம்ப் என்றால் மூன்றாம் லெவல் வரை போகலாம் என்பது வெர்ன் 1969-இல் பிரிட்ஜ் வேர்ல்டில் எழுதிய மொத்த டிரிக் கணக்கிலிருந்து வந்த பழக்கம். அது எல்லாக் கையிலும் அப்படியே பலிக்காது, ஆனாலும் மேஜையில் உட்கார்ந்து யோசிக்கும் நேரத்துக்கு அது போதும். ஓவர்கால் இல்லாமல் டபுள் வந்தால் திருப்பிச் சொல்ல சூட் இல்லை. அங்கே 2 நோ டிரம்ப்பை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், 3 ஹார்ட் அப்போதும் பலவீனம்தான்.

சிங்கிள்டன்:
3 கிளப்பில் உங்கள் பார்ட்னர் சொல்வதுதான் சரி. ஸ்பேடில் 7-3, ஹார்ட்டில் கிங்-10-8-4, டைமண்டில் 6-5, கிளப்பில் ஏஸ்-குயீன்-10-9-7, இப்படி ஒரு கையை நினைத்துப் பாருங்கள். 3 கிளப் சொன்னால் ஹார்ட் நாலு, கிளப் நல்ல ஐந்து, குறைந்தது 3 ஹார்ட் வரை போவோம் என்று ஒரே பிட்டில் எல்லாம் வந்துவிடுகிறது. அடுத்து நாலாவது கை 4 ஸ்பேட் போடும், போடத்தான் செய்யும். அப்போது 5 ஹார்ட்டா டபுளா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள். உங்களிடம் கிளப் கிங் மூன்று இருந்தால் இரண்டு சூட்டும் பொருந்துகிறது, மேலே போங்கள். கிளப் ஒன்றே ஒன்று, ஸ்பேடில் குயீன்-ஜாக் என்றால் டபுள் செய்துவிடுங்கள், முதல் லீட் உங்கள் பார்ட்னருடையது. பலவீனமான 3 கிளப்பால் இதில் ஒன்றும் கிடைக்காது, ஸ்பேட் வைத்திருப்பவனை ஒரு மைனர் (கிளப்போ டைமண்டோ) எங்கே நிறுத்தப்போகிறது? அதோடு, ஓப்பன் செய்தது உங்கள் பக்கம், நீங்கள் அடைப்பது பெரும்பாலும் உங்கள் பார்ட்னரின் வழியைத்தான். இன்னும் ஒரு படி தாவி 4 கிளப் என்றால் ஸ்பிளின்டர், அதாவது கிளப்பில் ஒன்றோ பூஜ்யமோ, கேம் (போனஸ் தரும் ஒப்பந்தம்) போகும் பலம். 3 ஸ்பேட் என்றால் அதே கதை ஸ்பேடில்.

பாஸ் மன்னன்:
சிங்கிள்டன் சொல்வது ரெகுலர் ஜோடிகளுக்குப் பொருந்தும். வாரம் ஒரு நாள் ஆடுகிறவர்களிடம் ஃபிட் ஜம்ப் (புது சூட்டோடு பார்ட்னர் சூட்டில் ஆதரவும் காட்டும் ஜம்ப்) என்று பேசி வைத்தால் அந்தக் கை வருவதற்குள் இரண்டு பேரும் மறந்திருப்பார்கள். நான் பாதி பாதி வைத்திருக்கிறேன்: இரண்டாம் லெவலில் நிற்கும் ஜம்ப் பலவீனம், மூன்றாம் லெவலில் நிற்பது ஃபிட். 1 டைமண்ட், எதிராளி 1 ஹார்ட், பார்ட்னர் 2 ஸ்பேட் என்றால் ஆறு ஸ்பேட், கையில் வேறு சரக்கு இல்லை.

மூன்றாம் கை:
இந்தப் பாதி பாதி எங்கள் இருவருக்கும் ஒத்துவரும் போலிருக்கிறது. ஓப்பன் செய்தது எதிராளி என்றால்?

பழைய டம்மி:
நேர் ஓவர்காலில் ஜம்ப், 1 டைமண்டுக்கு மேல் 2 ஸ்பேட், பலவீனம். மூன்று இடங்களில் மட்டும் இது மாறும், அந்த மூன்றையும் கட்டாயம் பேசி வையுங்கள். 1 டைமண்ட், பாஸ், பாஸ் என்று வந்து கடைசி ஆளாக 2 ஸ்பேட் சொன்னால் அது நல்ல ஓப்பனிங் கை, ஆறு கார்டு. ஏலம் சாகும் இடத்தில் யாரைத் தடுக்கப்போகிறோம்? எதிராளி வீக் 2 ஹார்ட் (ஆறு ஹார்ட், பலவீனமான கை) திறந்தால் 3 ஸ்பேட் பலமான கை, பிரீஎம்ப்ட்டுக்கு மேல் பிரீஎம்ப்ட் கிடையாது. மூன்றாவதில்தான் நிறைய ஜோடிகள் வழுக்குகிறார்கள், உன் சூட்டைச் சொல் என்று பார்ட்னர் கேட்கும் டேக்அவுட் டபுளுக்குப் பதிலாகச் சொல்லும் ஜம்ப். அங்கே பூஜ்யம் பாயிண்ட் இருந்தாலும் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும், அதனால் சாதாரண பிட் 8 பாயிண்ட் வரைக்கும், ஜம்ப் 9 முதல் 11 வரைக்கும். நாலு கார்டே போதும்.

சிங்கிள்டன்:
முதலில் பாஸ் சொன்ன பார்ட்னரையும் அந்தக் கார்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு ஸ்பேடும் பலவீனமான கையும் இருந்திருந்தால் முதலிலேயே 2 ஸ்பேட் திறந்திருப்பார். அதனால் அவர் பின்னால் வந்து 2 ஸ்பேட் என்று தாவினால் பாஸ் மன்னன் கணக்கு செல்லாது, ஐந்து ஸ்பேடும் உங்கள் சூட்டில் ஆதரவும்தான். எதைப் பேசி வைத்தாலும் ஃபிட் ஜம்ப்பை அலெர்ட் செய்யுங்கள் (எதிராளிக்குத் தெரியப்படுத்துங்கள்), ஆன்லைனில் என்றால் சொன்னவரே செய்ய வேண்டும்.

மூன்றாம் கை:
குறித்துக்கொண்டேன். 4 கிளப் ஸ்பிளின்டருக்கு மட்டும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், கிளப்பில் ஏழு கார்டு வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.