மறு: அன்லோடர் வால்வுக்குச் ‘சுமைநீக்கி’ சரிவருமா?

வணக்கம்.

> அன்லோடர் வால்வு = சுமைநீக்கி, கம்ப்ரசர் = காற்றழுத்தி. இத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பெயர் வைக்கும் இந்தப் பேச்சை அதற்குள் முடிக்க வேண்டாம் ஐயா. பழைய கம்ப்ரசர் ஒன்றை வாங்கி, பெயர்க் குழப்பத்தாலேயே கைக்காசை விட்டவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

வீட்டுப் பின்புறக் கொட்டகையில் பெயிண்ட் அடிக்க, தூசி ஊத என்று வாங்கியது. டேங்கின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் வந்தது. காற்றை 8 பார் அழுத்தம் வரைக்கும் அமுக்கினால் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், சூடு ஆறியதும் அதிலிருந்த ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும், அன்றன்றைக்குத் திறந்துவிடாத டேங்க் உள்ளிருந்தே துருவேறும், வெளியே பெயிண்ட் மட்டும் பளபளக்கும். அதனால் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதித்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். காற்றை ஏற்றிச் சோதித்தால், டேங்க் பிளந்துகொள்ளும்போது பக்கத்தில் நிற்பவர் கதி என்ன? தண்ணீர் என்றால் பீய்ச்சி அடிப்பதோடு போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் நின்றதும், அழுத்தம் பார்த்து அதை நிறுத்துகிற பிரஷர் ஸ்விட்சின் அடியிலிருந்து ‘புஸ்’ என்று ஒருமுறை காற்று வந்து அடங்க வேண்டும். என்னுடையது அடங்கவே இல்லை. மெக்கானிக்கிடம் போனில் சொன்னால் “வால்வு போச்சு” என்றார். எந்த வால்வு என்று நானும் கேட்கவில்லை. சத்தம் வரும் இடம்தானே கெட்ட இடம் என்று அந்தப் ‘புஸ்’ காற்றை விடும் அன்லோடரோடு சேர்த்து ஸ்விட்சையே மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது! அவர் சொன்னது டேங்க் வாயில் இருக்கும் என்ஆர்வியை (நான்-ரிட்டர்ன் வால்வு; காற்றை டேங்குக்குள் விடும், திரும்ப விடாது). அதன் இருக்கையில் கரி ஒட்டி சரியாக மூடாததால், டேங்கில் இருந்த காற்று வந்த வழியே திரும்பி வந்து, பாவம், நல்லபடியாக இருந்த அன்லோடர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. துடைத்து மாட்டினேன், நின்றுவிட்டது.

இப்போது ‘சுமைநீக்கி’யைப் பாருங்கள். எந்தச் சுமை? காற்றை அமுக்கும் ஹெட்டுக்கும் என்ஆர்விக்கும் நடுவே குழாயில் மாட்டிக்கொண்ட காற்றுதான். அது அங்கேயே இருந்தால் அடுத்த முறை மோட்டார் கிளம்ப முடியாமல் முனகும். வெளியேறுவது மிச்சக் காற்று என்று பெயரே சொல்ல வேண்டாமா? முதலில் ‘எச்சப்போக்கி’ என்று எழுதினேன், காக்கை ஞாபகம் வந்து அடித்துவிட்டேன். ‘மிச்சப்போக்கி’ என்று வைக்கலாம்.

சேஃப்டி வால்வு வேறு. அது டேங்கில் அளவு மீறினால் மட்டுமே திறக்கும். ஏரி நிறைந்து மிஞ்சினால் வழிவது கலிங்கு, அதே வேலைதான் இதற்கும்: ‘காற்றுக் கலிங்கு’. டேங்கின் அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய்க்கு ‘அடிமடை’.

அப்புறம் என்ஆர்வி. வால்வு எல்லாவற்றுக்குமே ‘ஓரதர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஓர் அதர், ஒரே வழி. ஆனால் நம் வீட்டுத் தண்ணீர்க்குழாயின் கேட் வால்வு இரு பக்கமும் விடுமே? அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துவது என்ஆர்விக்குத்தான், அதற்கே கொடுத்துவிடலாம். மற்றதெல்லாம் வால்வாகவே இருக்கட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை.

கம்ப்ரசருக்குக் ‘காற்றமுக்கி’ என்பது என் கட்சி. இங்கே நாம் அழுத்தம் என்பதை இலங்கையில் அமுக்கம் என்பார்கள், தாழமுக்கம், குருதி அமுக்கம் என்று. நமக்கோ அமுக்குவது என்றால் இடத்தைக் குறைத்துத் திணிப்பது, கம்ப்ரசர் செய்வதும் அதைத்தான். ஆக இரண்டு கரையிலும் புரியும். பட்டறையில் என்னவோ ‘காத்து மெஷின்’தான், அதை யாரும் மாற்றப்போவதில்லை.

ஓரதரை என்ஆர்விக்கு மட்டும் ஒதுக்குவதில் யாருக்காவது மறுப்பு உண்டா?